அழித்தாலும் திரும்பி வரும் செக் லைட்

14 ஜூன் 2025, இரவு 10:50

2014 மாடல், பெட்ரோல், நான்கு சிலிண்டர், 1,12,000 கி.மீ. ஓடிய வண்டி. பெங்களூரு. ஜனவரியிலிருந்து டேஷ்போர்டில் மஞ்சள் செக் லைட் (என்ஜின் கோளாறு விளக்கு) எரிவது இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன், ஸ்கேனரை மாட்டுகிறார்கள், விளக்கு அணைகிறது, 500 ரூபாய். நாலைந்து நாள் நிம்மதி. அப்புறம் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது மறுபடி எரிகிறது. மூன்றாவது தடவை 'ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு' என்று சொல்லி 3,900 வாங்கிக்கொண்டு புதுசு போட்டார்கள். அதற்கும் ஐந்தே நாள்தான் ஆயுசு.

ஓட்டும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. இழுவை இருக்கிறது. 15 கொடுத்த மைலேஜ் 12க்கு வந்துவிட்டது, அதை டிராஃபிக் கணக்கில் எழுதிவிட்டேன். சைலன்சர் முனையில் விரலை வைத்தால் கரி அப்பிக்கொள்கிறது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.

என் கட்சி இது: சென்சார் புதுசு, விளக்கு பழைய விளக்குதான் என்றால் கோளாறு ஈசியூவில், அதாவது என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரில். யாராவது ஈசியூ மாற்றியிருந்தால் எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள்.

14 ஜூன், 11:20

கோடு (ஸ்கேனர் காட்டுகிற கோளாறு எண்) என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தெரியாது. நான் கேட்கவே இல்லை. அழிப்பதற்கு முன் அவர்கள் அதைப் படித்தார்களா என்பதே சந்தேகம்.

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விடிவதற்குள் இது 'உங்க வண்டியா எங்க வண்டியா' சண்டையாகிவிடும்.

21 ஜூன்

700 ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 பின் சாக்கெட், அதில் சொருகினால் ஃபோனில் ஆப் பேசுகிறது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி 2 (கோளாறைத் தானே கண்டு கோடு போட்டு வைக்கிற ஏற்பாடு) கட்டாயம் என்பதால் என் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள், நண்பரிடம் இரவல் வாங்கிப் பேசுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கோடு பி0171. 'சிஸ்டம் டூ லீன்'. அதாவது கலவையில் காற்று மிச்சம், பெட்ரோல் பற்றவில்லை என்று ஈசியூ புலம்புகிறது. ஒர்க்‌ஷாப்பில் இதைப் பார்த்துத்தான் சென்சாரை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் சென்சார் கெட்டுவிட்டது என்று இந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. எக்ஸாஸ்டில் மிஞ்சுகிற ஆக்சிஜனைப் பார்த்துச் சென்சார் சொன்ன சேதி இது. கடிதம் கொண்டுவந்த தபால்காரரை மாற்றியிருக்கிறோம்.

கோடோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒன்று சேமித்து வைத்திருக்கிறது. விளக்கு எரிய வைத்த நேரத்து நிலவரம். வேகம் 0. ஆர்பிஎம் 790. என்ஜின் சூடு 92 டிகிரி. அதாவது வண்டி சூடாகி, சும்மா நிற்கும்போது. சில்க் போர்டேதான். ஸ்கேனரில் அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். மூன்று தடவை 500 கொடுத்துத் தடயத்தை அழித்திருக்கிறேன்.

இப்போதைக்கு அழிக்கவில்லை. விளக்கு எரியட்டும்.

22 ஜூன்

ஃபியூயல் டிரிம் எண்களைக் கேட்டவருக்கு: லாங் டெர்ம் ஐட்லிங்கில் (என்ஜின் ஓட, வண்டி சும்மா நிற்கும்போது) +21, 2500 ஆர்பிஎம்மில் வைத்தால் +10. ஷார்ட் டெர்ம் இரண்டிலும் சைபருக்குப் பக்கத்தில் ஆடுகிறது.

தெரியாதவர்களுக்கு: கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈசியூ ஊற்றுகிறது என்பதுதான் டிரிம். ஷார்ட் டெர்ம் அந்தந்த நொடித் திருத்தம், லாங் டெர்ம் ஓடி ஓடிக் கற்றுக்கொண்ட திருத்தம். பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. பல வண்டிகளில் மொத்தம் 20, 25 தாண்டினால் விளக்கு.

நாலைந்து நாள் நிம்மதியின் ரகசியமும் இதில் புரிந்தது. அழிக்கும்போது லாங் டெர்ம் கணக்கும் சைபருக்குப் போய்விடுகிறது. அது மறுபடி படிப்படியாக ஏற வேண்டும். ஏறினாலும் முதல் ஓட்டத்தில் கோளாறைக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் இருந்தால்தான் விளக்கைப் போடும். நான் அந்த நாலு நாளையும் 'ரிப்பேர் பிடிச்சிருக்கு' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

28 ஜூன்

ஐட்லிங்கில் மோசம், ஆர்பிஎம் ஏறினால் பரவாயில்லை. இது வேக்குவம் லீக்கின் அடையாளம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எங்கேயோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். இன்டேக் (என்ஜினுக்குள் காற்று போகிற வழி) பக்கம் ஹோஸ் மூட்டுகளில் எல்லாம் கார்ப் க்ளீனர் அடித்துப் பார்த்தேன், எங்கேயும் ஆர்பிஎம் மாறவில்லை. பிரேக் பூஸ்டர் ஹோஸையும் கிள்ளிப் பார்த்தாகிவிட்டது. இதைச் செய்கிறவர்கள் சூடான என்ஜினில் சைலன்சர் பக்கம் தெறிக்க விடாதீர்கள், பற்றிக்கொள்ளும்.

6 ஜூலை

கண்டுபிடித்துவிட்டேன். எம்ஏபி சென்சார்.

இன்டேக்கில் இருக்கிற காற்றழுத்தத்தை அளக்கிற சென்சார் அது. சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தை, அதாவது 101 கிலோபாஸ்கலைக் காட்ட வேண்டும். என் வண்டி 91 காட்டுகிறது. பத்து குறைச்சல்! காற்றைக் குறைவாக அளந்தால் பெட்ரோலையும் குறைவாகத்தானே ஊற்றும், லீன் கோடு வராமல் என்ன செய்யும்? ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டுக்குப் போய் 1,600க்கு ஒன்று வாங்கி வந்து நானே மாட்டினேன். ஒரே ஒரு ஸ்க்ரூதான்.

6 ஜூலை, இரண்டு மணி நேரம் கழித்து

புதுசும் 91 காட்டுகிறது.

6 ஜூலை, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

சிரிக்காதீர்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தமே 91தான். ஃபோனில் பாரோமீட்டர் இருக்கிறது, அதுவும் 909 மில்லிபார் காட்டுகிறது. 101 என்பது கடற்கரைக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஜே.சி. ரோட்டில் பார்க்கிங் தேடுகிற மும்முரத்தில் மறந்துபோயிற்று.

பழைய சென்சாரையே திரும்ப மாட்டிவிட்டேன்.

13 ஜூலை

28 ஜூன் குறிப்பில் அடித்தல் திருத்தல். மேலே ஒருவர் எழுதியது சரி: எம்ஏபி வைத்துக் காற்றை அளக்கிற என்ஜினில் வேக்குவம் லீக் அவ்வளவாக லீன் கோடு கொடுக்காது. திருட்டுத்தனமாக நுழைந்தாலும் அந்தக் காற்றும் இன்டேக்கின் அழுத்தத்தைக் கூட்டும், சென்சார் அதையும் சேர்த்தே எண்ணிப் பெட்ரோல் ஊற்றும். விளைவு, ஐட்லிங் எகிறும். என் வண்டி ஐட்லிங் 790லேயே சமர்த்தாக நிற்கிறது. நான் படித்ததெல்லாம் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகிற காற்றை நேராக அளப்பது) வைத்த வண்டிகளுக்கு எழுதியது. அரை டப்பா க்ளீனர் வீண்.

அப்படியானால் எது? பெட்ரோல் பம்ப்பு பலவீனமாக இருந்தால் வேகமாகப் போகும்போது, ஏற்றத்தில், டிரிம் மோசமாக வேண்டும். எனக்கு நேர்மாறு. இன்ஜெக்டர் அடைப்பு என்றால் எல்லா ஆர்பிஎம்மிலும் தெரிய வேண்டும். சந்தேகப்பட வேண்டிய பட்டியல் சுருங்குகிறது, விடை மட்டும் வரவில்லை.

19 ஜூலை

எமிஷன் டெஸ்ட். செக் லைட் எரிய எரியப் போனேன், பாஸ். அந்த பங்க் ஓரத்து வேன்காரருக்கு டேஷ்போர்டில் என்ன எரிகிறது என்பது பற்றிக் கவலையே இல்லை, குழாயைச் சைலன்சரில் விட்டு எடுக்கிறார், அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடு 0.27 சதவீதம். என் வண்டி பிஎஸ் 4, வரம்பு 0.3. மயிரிழை.

விளக்கைக் காட்டிக் கேட்டேன். "ஏனூ ஆகல்ல சார், ஓடிஸி" என்றார். ஒன்றும் ஆகாது, ஓட்டுங்கள். இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில்.

10 ஆகஸ்ட்

'எல்லாம் பெட்ரோலில் கலக்கிற எத்தனாலால்தான்' என்று எத்தனால் கோஷ்டி வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20க்கு ஏறக்குறைய 13.5 வரும். அதே காற்றுக்குத் தனிப் பெட்ரோலைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். பழைய வண்டியின் ஈசியூவுக்கு ஈ20 என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் டிரிம் அந்த 8ஐத் தானாகவே ஏற்றிக்கொள்ளும்.

அதனால் எத்தனால்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. பெட்ரோல் மாறினால் ஐட்லிங், 2500 இரண்டிலும் ஒரே அளவு ஏற வேண்டும். எனக்கு 2500இல் 10, அதை எத்தனால் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஐட்லிங்கில் மேற்கொண்டு ஒரு 11 இருக்கிறதே, அது யாருடையது? வேறு ஏதோ ஒன்று பாதி தூரம் தூக்கி வைக்கிறது, எத்தனால் மீதியைத் தூக்கி வரம்பைத் தாண்ட வைக்கிறது. கலப்படமில்லாத பெட்ரோல் காலத்தில் இந்தக் கோளாறு விளக்கைப் போடாமலேயே வருஷக்கணக்கில் இருந்திருக்கலாம்.

அரசியல் பேச வேறு இடம் பாருங்கள். கை கூப்பிக் கேட்கிறேன்.

31 ஆகஸ்ட்

ஒன்றும் செய்யவில்லை. விளக்கு எரிகிறது. பழகிவிட்டது. மனைவி அதை 'உங்க விளக்கு' என்கிறாள்.

மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது) பற்றிக் கேட்டவருக்கு: என் விளக்கு நிலையாக எரிகிறது. விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். ஓரங்கட்டி நிறுத்துங்கள், இங்கே வந்து எழுத வேண்டாம்.

24 அக்டோபர்

தீபாவளிக்கு ஆற்காடு போய்விட்டு வந்தேன். நீளமாக எழுதப் போகிறேன்.

18ஆம் தேதி விடியற்காலை கிளம்பினோம். கிருஷ்ணகிரியில் டிபன், ஆம்பூரில் சாப்பாடு, வேலூர் தாண்டும்போது பார்த்தால் விளக்கைக் காணோம். நான் அழிக்கவில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டம் கோளாறு தென்படாமல் போனால் அது தானாக அணைந்துவிடும். ஸ்கேனரைப் போட்டால் கோடு மட்டும் உள்ளே இருந்தது, என்ஜின் சுமார் 40 தடவை சூடாகி இறங்கும்வரை அது அழியாதாம். நிற்காமல் ஓடினால் இந்தக் கோளாறு இல்லை. என் வண்டிக்கு வந்திருப்பது பெங்களூரு வியாதி. ஆற்காட்டில் சாவியைப் போட்டு எம்ஏபி பார்த்தேன், 99. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டீசல் பஸ்தான் அவர் உலகம், ஸ்கேனர் சமாசாரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. தீபாவளி அன்று காலை, ராத்திரி முழுக்க நின்று ஜில்லென்று இருந்த வண்டியைக் கடைக்குப் போக ஸ்டார்ட் செய்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "டேய், அணைக்காத" என்றார். எழுந்து வந்து பானெட்டைத் தூக்கச் சொன்னார்.

"கேக்குதா?"

"என்னப்பா?"

"தையல் மெஷின் மாதிரி டிக் டிக்னு. காது இருக்காடா உனக்கு?"

தெருவில் வெடிச்சத்தம், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் உள்ளே போய் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தார். "சாமிக்கு வாங்கினது" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எல்லாச் சிலிண்டர் புகையையும் சேர்த்து அனுப்புகிற குழாய்) என்ஜினோடு சேரும் விளிம்பில், ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசி சிலிண்டருக்கு அடியில் வந்ததும் சட்டென்று உடைந்து துள்ளியது. டிக், டிக், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துள்ளல். டார்ச் அடித்தால் அந்த இடத்தில் மட்டும் கண் மை இட்ட மாதிரி கரி. அந்த மூலையில் மேனிஃபோல்டைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்டட்டின் (தலையில்லாத போல்ட்) வெளி முனை இல்லை, ஒடிந்து மீதி உள்ளே நிற்கிறது.

மூன்று நிமிஷம் ஓடியதும் சத்தம் அடங்கிவிட்டது. இரும்பு சூடேறி விரிந்து இடுக்கைக் கவ்விக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப்புக்கு நான் எப்போதும் சூடான வண்டியைத்தானே கொண்டுபோனேன்.

(பெட்ரோல் ஒழுகுகிற வண்டியில் ஊதுபத்தி வேலை வேண்டாம். அப்பா முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொளுத்தினார்.)

25 அக்டோபர்

சைலன்சர் பக்கம் ஓட்டை என்றால் புகை வெளியேதானே போகும், லீன் எப்படி வரும் என்ற கேள்விக்கு. எனக்கும் ஒரு ராத்திரி பிடித்தது.

எக்ஸாஸ்ட் சீராக ஓடுகிற ஆறு இல்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும், அந்த நேரம் ஓட்டை உள்ளே உறிஞ்சும். ஒடிந்த ஸ்டட்டுக்கு ஒரு சாண் கீழேதான் ஆக்சிஜன் சென்சார். அது உறிஞ்சின காற்றைப் பார்த்துவிட்டு 'ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது' என்கிறது. உண்மையைத்தான் சொல்கிறது, அந்த ஆக்சிஜன் என்ஜினுக்குள்ளிருந்து வரவில்லை என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஈசியூ நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. வேகமாகப் போனால் எக்ஸாஸ்ட் அதிகம், நுழைகிற காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போதுதான் கணக்குக் கெடுகிறது.

ஆக, வண்டி லீனாக ஓடவே இல்லை. ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிச்சமாக, ஓடிக்கொண்டிருந்தது. மைலேஜ் 12, சைலன்சரில் கரி, எமிஷனில் 0.27. கரியைப் பற்றி முதல் நாளே நான்தான் எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். லீனாக ஓடுகிற வண்டியின் சைலன்சரில் எப்படிக் கரி வரும் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

26 அக்டோபர்

ஒரு உறுத்தல். சூடானால் சத்தம் அடங்குகிறது என்றால் ஓட்டையும் அடைகிறது என்றுதானே அர்த்தம்? ஃப்ரீஸ் ஃபிரேமோ 92 டிகிரி என்கிறது. அப்புறம் எப்படி விளக்கு? இடுக்குச் சுருங்குகிறது, முழுக்க மூடவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ரிப்பேர் ஆனபிறகு எண்கள் சொல்லட்டும். அதுவரை இது ஊகம்தான், எம்ஏபி மாதிரி துள்ளப் போவதில்லை.

2 நவம்பர்

வில்சன் கார்டனில் ஒரு பாய் இருக்கிறார், எக்ஸாஸ்ட் வேலை, லேத் வேலை. இந்தத் தடவை முதல் நாள் இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டேன், காலையில் ஜில்லென்று ஸ்டார்ட் செய்து அவரே கேட்கட்டும் என்று. வேக்குவம் க்ளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைத் துணி சுற்றிச் சைலன்சரில் செருகி, மேனிஃபோல்டு மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். கடைசி சிலிண்டர் மூலையில் நுரை பொங்கியது. ஊதுபத்தி காட்டிய அதே மூலை.

ஒடிந்த ஸ்டட்டை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முனை மேல் ஒரு நட்டை வைத்து, ஓட்டைக்குள்ளே வெல்டிங் பிடித்து இரண்டையும் ஒன்றாக்கினார். சிவந்து ஆறும்வரை பீடி. அப்புறம் ஸ்பேனரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து அசைத்து, முறுக்குப் பிழிகிற பொறுமையோடு முழுசாக வெளியே எடுத்துவிட்டார். கையில் கொடுத்து, "பாருங்க சார், ஒடிஞ்ச இடத்துல முக்கால்வாசி துரு, கால்வாசிதான் பளபளப்பு. ரொம்ப நாளா விரிசல் விட்டிருக்கு" என்றார். மேனிஃபோல்டு முகத்தைத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட், புது ஸ்டட். எல்லாம் சேர்த்து 2,700.

பி0171 கோடை இன்றைக்குத்தான் முதல் தடவையாக நானே அழித்தேன்.

9 நவம்பர்

எண்கள். ஐட்லிங் +9. 2500இல் +8.

இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மிச்சமிருக்கிற அந்த எட்டு, ஒன்பதுதான் ஆகஸ்டில் போட்ட எத்தனால் கணக்கு. 26ஆம் தேதி உறுத்தலுக்கும் பதில் கிடைத்துவிட்டது. சூடான என்ஜினில்தான் இந்த எண்களை எடுத்தேன், 21 ஒன்பதாகிவிட்டது.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். டிரிம் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கினேன். "காலைல சத்தம் வருதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "சரி, வை."

16 நவம்பர்

பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோடு) வந்திருக்கும் மாரத்தஹள்ளி நண்பருக்கு: கன்வெர்ட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு நாள் காலை ஜில்லென்று ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து கேளுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எங்கே ஒழுகல் இருந்தாலும் அந்தக் கோடும் வரலாம். கன்வெர்ட்டர் நிஜமாகவே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, நான் ஊதுபத்தி டீலர் இல்லை.

7 டிசம்பர்

ஐந்து வாரம், விளக்கு இல்லை. மைலேஜ் 14.5. எமிஷன் வேனில் காசு கொடுத்து இன்னொரு தடவை பார்த்தேன், 0.06.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிக் கொடுத்த பழைய ஆக்சிஜன் சென்சார் டிக்கியில் கிடக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை போல, ஸ்பேராக இருக்கட்டும். எம்ஏபி சென்சார்தான் பிரச்சினை. எலக்ட்ரிக் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது என்று ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இரண்டே மணி நேரம் ஓடியது, டப்பாவோடு இருக்கிறது, 1,000 ரூபாய்க்குத் தருகிறேன். சென்னைக்காரர் யாராவது வாங்கினால் 101 காட்டும், அதற்கு நான் கேரண்டி.